பூஜ்யம் புள்ளி நாலு

நீங்க குளிச்சிட்டு வர்றீங்களா அக்கா? தலை இன்னும் ஈரமா இருக்கு, அதான் கேட்டேன். இந்த வருஷம் ஐந்தருவியில் நல்ல தண்ணி என்று சொல்றாங்க. நான் போகவில்லை. செங்கோட்டையில்தான் இருக்கேன், ஆனாலும் போகவில்லை. வெளியூர்க்காரங்க எல்லாரும் ஒன்று போலச் சொல்வாங்க, உங்களுக்கு என்னம்மா, சாரல் ஊரில் இருக்கீங்க, கொடுத்து வைத்தவங்க என்று. நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன். கைப்பிள்ளை வைத்திருக்கிறவளுக்குச் சாரல் என்றால் ஒன்றே ஒன்றுதான் அக்கா. துணி காயாது. ஆனி பிறந்தால் ஆவணி வரைக்கும் காயாது. வேறு ஒன்றும் எனக்குச் சாரலைப் பற்றிச் சொல்லத் தெரியாது.

பை இடிக்குதா? இந்தப் பக்கம் தள்ளி வைக்கிறேன். வாசுதேவநல்லூர் போறேன், அம்மா வீட்டுக்கு. விசேஷம் எல்லாம் இல்லை. இருக்கத்தான் போறேன். பிள்ளைக்கு ஒரு வயசு திரும்புகிற வரைக்கும். இப்போ ஏழு மாசம். பெயர் மிருதுளா. அவங்க அப்பா வைத்த பெயர். எனக்கு முதலில் வாயில் நுழையவில்லை, இப்போ பழகிவிட்டது.

சண்டை எல்லாம் இல்லை அக்கா, அப்படிப் பார்க்காதீங்க. சண்டை என்றால் அவர் வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டை நான் ஏன் மடியில் வைத்திருக்கேன்? லேப்டாப்தான் காரணம். லேப்டாப் மெதுவாக ஓடுது, அதனால் நான் அம்மா வீட்டுக்குப் போறேன்.

சிரிக்காதீங்க. முதலில் இருந்து சொல்றேன். நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. அஞ்சாப்பு வரைக்கும்தான் படித்தேன், அதிலும் டீச்சர் எழுந்து நில்லு என்றால் அழுதுவிடுவேன். ஆனால் நீங்க மதுரைக்குப் போறீங்க, நான் நடுவில் இறங்கிவிடுவேன், இனிமேல் நாம் ரெண்டு பேரும் பார்க்கப் போவதில்லை. அதனால் கூச்சமாக இல்லை.

எங்க வீட்டுக்காரர் சென்னையில் வேலையில் இருந்தார். பெயர் சொல்ல வராது எனக்கு. பண்பொழி மலை மேல் இருக்கிற சாமி பெயர்தான், திருமலைக்குமார். சொல்லிவிட்டேன் பாருங்க. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிற பில்லை எல்லாம் கம்ப்யூட்டரில் பார்த்து, இதற்கு இன்சூரன்ஸ் கொடுக்கலாம், இதற்குக் கூடாது என்று தட்டிவிடுகிற வேலை. கல்யாணம் ஆன பிறகும் அவர் அங்கே, நான் இங்கே அவங்க அம்மாவோடு. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளை பிறந்ததும் அவர் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டார், வீட்டில் இருந்தே பார்க்கிறேன் என்று. அவங்க ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, சரி, ஆனால் ஆபீசில் பார்க்கிற அளவு பார்க்க வேண்டும், குறைந்தால் திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாங்க. அதுதான் பேச்சு. வேலை குறைந்தால் சென்னை. சென்னைக்கு வர முடியாதா, வேறு ஆள் பார்த்துக்கொள்வாங்க.

அவர் வந்த பிறகுதான் எனக்கு அது வீடு மாதிரி இருந்தது அக்கா. அதற்கு முன்னால் அத்தை ஒரு அறையில், நான் ஒரு அறையில். அத்தை கெட்டவங்க இல்லை. அவங்களும் பேச மாட்டாங்க, நானும் பேச மாட்டேன், அவ்வளவுதான். அவர் வந்த பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். மிருதுளா அவர் மீசையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினாள்.

உள் அறைதான் ஆபீஸ். அவர் சுவரில் முதுகு சாய்கிற மாதிரி உட்காருவார். மீட்டிங்கில் பேசும்போது பின்னால் வெறும் சுவர் தெரிந்தால்தான் மரியாதையாம். அப்போ லேப்டாப்போட முதுகு நம்மைப் பார்த்து இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டார், நான் பேசும்போது என் பின்னால் வராதே, எல்லாருக்கும் தெரியும் என்று. எல்லாருக்கும் என்றால் சென்னையில் இருக்கிறவங்க, பெங்களூரில் இருக்கிறவங்க. நைட்டியோடு போய் நான் அவங்க முன்னால் நிற்பேனா? பேசும்போது மட்டும் இல்லை, அது திறந்திருந்தாலே அந்தப் பக்கம் போக மாட்டேன். மூடியிருந்தாலும் ஒரு சந்தேகம்தான். அதன் முதுகுப் பக்கமாகத்தான் வருவேன், அதுவும் குனிந்து வருவேன். குனிந்து என்றால், தவழ்ந்து. அந்த அறையில் மிருதுளாவுக்கு முன்னால் நான் தவழ ஆரம்பித்துவிட்டேன். அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கண்டுகொள்வதில்லை.

சாரல் வந்தது. டயப்பர் போடலாமே என்பீங்க. போட்டால் அவளுக்குத் தொடை எல்லாம் சிவந்து தடித்துப் போகுது. பழைய வேட்டியைக் கிழித்த துணிதான் ஒத்துக்கொள்ளும். ஒரு பொழுதுக்கு எத்தனை நனைப்பாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். மாடியில் போட முடியாது. நடையில் கொடி கட்டிப் போட்டால் இன்றைக்குப் போட்டது நாளைக்கும் ஜில் என்று இருக்கும், ஒரு புழுங்கல் வாடை வேறு. அடுப்புப் பக்கம் போட்டேன். அத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டாங்க, சமைக்கிற இடத்தில் மூத்திரத்துணியா என்று. அவங்க சொன்னதும் சரிதான். ஃபேனைப் போட்டால் பிள்ளைக்குச் சளி. ஈரத்துணியைக் கட்டினாலும் சளி. என்ன செய்ய, சொல்லுங்க.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் மேசைக்கு அடியில் இருக்கிற பிள்ளையோட துணிப்பெட்டியை எடுக்கப் போனேன். தவழ்ந்துதான். தலையைத் தூக்கினேன், கன்னத்தில் சூடாக ஒரு காற்று பட்டது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி. பார்த்தால் லேப்டாப்போட முதுகில், அது மடங்குகிற இடத்தில், சீப்புப் பல் மாதிரி வரிசையாகச் சந்து. அதில் இருந்து வருது. கையில் ஒரு ஈரத்துணி இருந்தது. சும்மா காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்துவிட்டது அக்கா.

அவ்வளவு நாளும் அந்தச் சூட்டை வீணாகத்தானே விட்டுக்கொண்டு இருந்திருக்கோம்.

அன்றில் இருந்து தினமும்தான். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து பில் பார்ப்பார், நான் இந்தப் பக்கம் துணி காயப்போடுவேன். நடுவில் அந்த ஸ்கிரீன். அதற்கு ஒரு பக்குவம் இருக்கு. துணியை நாலாக மடித்து, மேசை விளிம்பில் அந்தச் சந்துக்கு நேராக ஒட்டிச் சாத்தி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் சூடு பிடிக்காது. சாயங்காலம் அவர் எழுந்திருக்கிறதுக்கு முன்னால் எடுத்துப் பெட்டியில் வைத்துவிடுவேன். ஆபீஸ் மேசையில் பிள்ளைத்துணி கிடந்தால் அவருக்குச் சங்கடம் இல்லையா? அவரிடம் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. துணி காய்ந்த கதையை எல்லாம் ஆம்பிளைகளிடம் யார் சொல்வாங்க?

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. அப்புறம் லேப்டாப்புக்கு வந்தது கேடு.

ஒரு பில்லைத் திறந்தால், நான் போய் உலை வைத்துவிட்டு வருகிற வரைக்கும் திறந்துகொண்டே இருக்கும். எழுத்து அடித்தால் அப்புறமாக யோசித்து யோசித்து வரும். அவர் என்னிடம் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். உள்ளே ஓடுகிற வேகத்தை ஒரு கோடாகக் காட்டுமாம். நன்றாக இருந்தால் மலை மாதிரி ஏறி இறங்குமாம். இப்போ தரையில் படுத்துக் கிடக்குதாம். பக்கத்தில் ஒரு எண். ரெண்டு, ரெண்டரை என்று இருக்க வேண்டியது, பூஜ்யம் புள்ளி நாலில் போய் நிற்குது, ஏற மாட்டேங்குது. சாப்பிடும்போதும் அதுதான் பேச்சு. இப்போ எவ்வளவுடா என்று அத்தை கேட்பாங்க. புள்ளி நாலும்மா என்பார். காய்ச்சல் கேட்கிற மாதிரி.

அது சரியில்லை என்று அவருக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும் அக்கா. வர வர அந்தக் காற்றில் சூடே இல்லை. பிள்ளை ஊதுகிற மாதிரி வரும். காலையில் வைத்த துணி சாயங்காலமும் ஈரமாக இருக்கும். நான் என்ன செய்ய, இன்னும் ரெண்டு துணியைச் சேர்த்து, இன்னும் நன்றாக ஒட்டி வைத்தேன். அவருக்கு வேலை ஓடவில்லை, எனக்குத் துணி காயவில்லை. ரெண்டு பேருக்குமே அந்த மெஷினால் கஷ்டம்தான். ஆனால் வீட்டில் அவர் கஷ்டத்தை மட்டும்தான் பேசினாங்க.

அவர் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கு என்பார். ஒன்றை மாற்று, பார். சரியாகவில்லையா, அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததை மாற்று. ரெண்டை ஒரே நேரத்தில் மாற்றாதே, மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. இதை அவர் அத்தைக்குச் சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்கும் பாடமாகிவிட்டது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதுக்கு ஏதோ வைத்திருப்பாங்களாம், அதை எடுத்துப் பார்த்தார். சார்ஜரை மாற்றினார். எங்க தெருவில் கரண்ட் கூடும் குறையும் என்று ஃபிரிட்ஜுக்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்கு வைத்தார். ஃபிரிட்ஜ் கெட்டாலும் பரவாயில்லை என்று அத்தையே சொன்னாங்க.

கம்பெனியில் இருந்து ஒரு தம்பி வந்து பார்த்தார். வந்து என்றால் வரவில்லை, சென்னையில் இருந்தபடியே லேப்டாப்புக்குள் வந்தார். இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கார், ஸ்கிரீனில் அம்பு தானாக நகருதாம். நான் அன்றைக்கு முழுக்க அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. உள்ளே வந்துவிட்டவர் எந்தப் பக்கம் பார்க்கிறாரோ, நமக்கு என்ன தெரியும்? துணி எல்லாம் பக்கெட்டிலேயே கிடந்தது. அன்றைக்கு அது நன்றாக ஓடினது. தம்பி எதையோ தட்டிவிட்டு, சரி பண்ணிட்டேன் சார் என்று போய்விட்டார். இவரும் எல்லாரிடமும் அந்தத் தம்பியைப் புகழ்ந்தார். மறுநாள் புள்ளி நாலு.

அப்புறம் தென்காசியில் காஜா பாய் கடைக்குக் கொண்டு போனார். அங்கே வைத்தால் ஓட்டமாக ஓடுதாம். பாய் அதைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்து வெள்ளையாகப் பஞ்சு எடுத்தாராம். வீட்டில் தலையணை எதுவும் கிழிந்து கிடக்கா தம்பி என்று கேட்டிருக்கார். இவர் வந்து சொன்னதும் அத்தை நேராகப் போய் என் தலையணையை எடுத்தாங்க. கல்யாணத்துக்கு எங்க அம்மா கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை, ஒரு தையல் பிரியவில்லை. அதைப் பரணில் போட்டாங்க. இன்னும் பரணில்தான் இருக்கு. நான் பழைய சேலையை மடித்து வைத்துப் படுத்தேன். தலையணை போன பிறகும் அது சரியாகவில்லை. தலையணையை யாரும் இறக்கித் தரவில்லை.

இவர் பாய்க்கு போன் போட்டுக் கோபித்தார். பாய் போனில் சொன்னது வெளியே கேட்டது, நம்ம கடையில நல்லா ஓடுச்சே தம்பி, உங்க வீட்டுலதான் என்னமோ இருக்கு என்று. பாய் கரண்டைத்தான் சொன்னார். அத்தைக்கு அது கரண்டாகக் கேட்கவில்லை.

மேசையைக் கிழக்கே பார்க்கத் திருப்பினாங்க. இவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, சிரித்துக்கொண்டேதான் திருப்பினார். ஒன்றை மாற்றிப் பார்ப்பதில் என்ன தப்பு என்றார். எனக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் முதுகு இருக்கத்தானே செய்யும்.

அந்த நேரம் பார்த்து எங்க அண்ணன் மகனுக்குக் காதுகுத்து வந்தது. நானும் பிள்ளையும் வாசுதேவநல்லூருக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்தோம். அங்கே ஏது சாரல்? போட்ட துணி எடுக்கிறதுக்குள் காய்ந்துவிடும். தினமும் போன் பண்ணுவார். முதல் நாள், இன்னைக்கு நல்லா ஓடுது முப்பிடாதி என்றார். என் பெயர்தான் அது. மறுநாளும் நல்லா ஓடுது என்றார். அதற்கு அடுத்த நாள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானாகக் கேட்டதுக்கு, ம், ஓடுது என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அப்போ புரியவில்லை.

நான் திரும்பி வந்த அன்றைக்கே புள்ளி நாலுக்கு வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் அத்தைதான் பேசினாங்க. அவங்க அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "குமாரு, கோவப்படாம கேளு. வயர மாத்துன, மேசைய மாத்துன, கடைக்குக் கொண்டு போன. மாத்தாதது ஒண்ணுதான் பாக்கி."

சொல்லிவிட்டு என் மடியைப் பார்த்தாங்க. பிள்ளை பிறந்தப்பவே ஜோசியர் சொன்னாராம், ஒரு வயசு வரைக்கும் இந்த நட்சத்திரம் அப்பன் தொழிலுக்கு ஆகாது என்று. அவங்க இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாங்களாம். சொல்லும்போது அவங்களே அழுதாங்க அக்கா. சும்மா சொல்லக் கூடாது, அழுதுகொண்டேதான் சொன்னாங்க.

அவர் அத்தையைச் சத்தம் போட்டார். படிக்காதவங்க மாதிரி பேசாதீங்க என்றார். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துவிட்டது. ரெண்டு நாள் போனது. அப்புறம் காலையில் என்னிடம் வந்து, "சும்மாதான் முப்பிடாதி, பிள்ளைய தூக்கிட்டு மத்தியானம் வரைக்கும் எதுத்த வீட்டுல இருந்துட்டு வாயேன்" என்றார்.

சும்மாதான் என்று சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

எதிர்த்த வீட்டு ராஜமணி அக்கா டிவி போட்டாங்க, காப்பி கொடுத்தாங்க. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சாமி, அது ஓடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். புருஷன் வேலை கெட வேண்டும் என்று வேண்டுகிற பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மத்தியானம் வந்து பார்த்தால் ஓடியிருக்கு. அவர் சந்தோஷமாகவும் இல்லை, துக்கமாகவும் இல்லை. இப்படி வா என்று கூப்பிட்டு, முதல் தடவையாக ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மலை மாதிரிதான் இருந்தது. ரெண்டு புள்ளி ஆறு.

பிள்ளையைக் கொடு என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரெண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்தாங்க. நானும் பார்த்தேன். இறங்கவில்லை. பாருங்க, இறங்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவருக்கும் முகம் தெளிந்துவிட்டது. பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். நானும் நிம்மதியாகப் போய்க் காலையில் இருந்து சேர்ந்து கிடந்த துணியை எல்லாம் அலசிக்கொண்டு வந்து, என் இடத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

காப்பி போட எழுந்திருக்கிற நேரம். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். பிள்ளை அவர் மடியில் மீசையைப் பிடித்துக்கொண்டு இருக்காள். அவர் மறுபடி புள்ளி நாலுக்கு வந்துவிட்ட அந்த எண்ணைப் பார்த்தார், அப்புறம் பிள்ளையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவள் கையை எடுத்துக் கீழே விட்டார்.

அதட்டவில்லை, ஒன்றும் செய்யவில்லை. கையை எடுத்துக் கீழே விட்டார், அவ்வளவுதான். எனக்கு அப்புறம் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை அக்கா.

கம்பெனியில் இருந்து வேறு சொல்லிவிட்டாங்க. இந்த மாசமும் இப்படியே என்றால் வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவங்க லிஸ்டில் இருந்து அவர் பேரை எடுத்துவிடுவாங்களாம். இவர் வீட்டில் இருந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். இப்போ அந்த வேலை இருக்க வேண்டும் என்றால் பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. இன்றைக்குக் காலையில் பஸ் ஏற்ற வந்தவர் பிள்ளையைக் கையில் வாங்கவில்லை, பையைத்தான் தூக்கினார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா ஓடுதே, முப்பிடாதி."

ஓடத்தானே செய்யுது.

என்னை அனுப்பினது எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு வயசு திரும்பினதும் வந்து கூட்டிப்போவார், அவர் சொன்னால் செய்வார். ஆனால் இவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டாகிவிட்டதே. பொம்பளைப் பிள்ளை. நாளைக்கு வளர்ந்து நிற்கும்போதும் சொல்வாங்க, நீ பிறந்த நேரம் உங்க அப்பன் வேலை ஆடிப்போச்சு என்று. ஒரு தலைவலி வந்தால் இவளைப் பார்ப்பாங்க. பார்க்காமல் இருந்தாலும், பார்ப்பாங்களோ என்று நான் பார்ப்பேன். அதுதான் அக்கா. வேறு ஒன்றும் இல்லை.

கடையநல்லூர் தாண்டியாச்சு. வெயிலைப் பாருங்க. இந்தப் பையில் பாதி ஈரத்துணிதான், ராத்திரி பிழிந்தது. அங்கே போனதும் முதலில் அதைத்தான் விரிக்க வேண்டும்.

என்ன கேட்டீங்க? எதிர்த்த வீட்டுக்குப் போன அன்றைக்கா? இல்லை அக்கா, அவங்க வீட்டில் போய் எப்படி மூத்திரத்துணியைக் காயப்போட? வந்துதான் போட்டேன். எங்கே போட்டேனா? சொன்னேனே, அதன் மூச்சில்தான்.

அந்தத் தம்பி உள்ளே வந்த அன்றைக்குப் போடவில்லை. காதுகுத்துக்குப் போன நாளிலும் எப்படிப் போட? துணி எல்லாம் என்னோடுதானே இருந்தது. தென்காசிக் கடையில்... கடைக்கு நான் போகவே இல்லையே.

எதுக்கு அக்கா உங்க மூக்கையும் வாயையும் முந்தானையால் பொத்திக் காட்டுறீங்க?

இல்லை. அது சூடு கொடுக்கிற சாமான்தானே. நான் கேட்டு வாங்கவில்லை, அது தானாக விடுது. விட்டதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். அடைத்தேன் என்றா சொல்றீங்க? ஒட்டித்தான் வைத்தேன். ஒட்டி வைத்தால்தான் காயும். அது வெளியே விடாவிட்டால் உள்ளே... சாரலுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுச் சமைத்தால் எனக்கே தலை சுற்றும். கையும் காலும் ஓடாது. அப்படியா அக்கா? அதற்கும் அப்படியா?

அப்போ அந்தப் பஞ்சு வேட்டிப் பஞ்சு.

கொஞ்சம் இருங்க. பேசாதீங்க, நான் யோசித்துக்கொள்றேன். பிள்ளை வெளியே போனால் துணியும் வெளியே போனது. பிள்ளை உள்ளே வந்தால் துணியும் உள்ளே வந்தது. அவர் மடியில் வைத்திருந்தப்போ கொஞ்ச நேரம் இறங்கவே இல்லையே. நான் துணியைக் கொண்டு வந்து வைத்த பிறகுதான். அவர் ஒன்றை மாற்றினதாக நினைத்துக்கொண்டு ரெண்டை மாற்றியிருக்கார். அவர் மேலும் தப்பு இல்லை, அவருக்கு அந்த இன்னொன்று இருக்கிறதே தெரியாது.

அப்போ இவள் இல்லை. இவள் ஒன்றுமே பண்ணவில்லை. நான்தான்.

நான் அழவில்லை அக்கா. நல்லவேளை, நான்தான்.

போனா? போனில் சொன்னால் அவர் சரி என்பார், அத்தைக்கு அது போதாது. பெண்டாட்டி பிள்ளைக்காக அவனாக ஒன்றைச் சொல்லிச் சமாளிக்கிறான் என்பாங்க. நட்சத்திரம் லேசாகிவிட்டது என்பாங்க. அத்தை கண்ணால் பார்க்க வேண்டும். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஈரத்துணி என் கையில் இருக்க வேண்டும், அந்த எண் ஏறி நிற்க வேண்டும். அப்புறம் துணியைக் கொண்டு போய் வைக்க வேண்டும், அது இறங்க வேண்டும். திரும்ப எடுக்க வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்து காட்டுவேன்.

புளியங்குடி வந்துவிட்டதா? இங்கேயே இறங்கிக்கொள்றேன். எதிர்ப்பக்கம் நின்றால் தென்காசி பஸ் வரும் இல்லையா? பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க, பையை எடுத்துக்கொள்றேன். கண்டக்டர் அண்ணே. அண்ணே, இறங்கணும். கேட்கவில்லையா? அண்ணே, பஸ்ஸ நிறுத்துங்க, ஆள் இறங்கணும்.

கொடுங்க. வா தங்கம்.

திட்டத்தான் செய்வாங்க அக்கா. இத்தனை நாள் ஆட்டி வைத்தாயே, ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் இல்லாமல் போச்சே, கம்பெனி சாமானில் மூத்திரத்துணியா என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவாங்க. திட்டட்டும். என்னைத்தானே திட்டுவாங்க.